மெத்தைக் கடைப் பக்கம் போகாதீர்கள், மாமா!

கிடர்மின்ஸ்டர்,
இங்கிலாந்து.

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம். நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். பின்னால் மயில் அகவுகிறது, செங்கம் ரோட்டில் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன் என்கிறார், அத்தை மொட்டை மாடியில் வடாம் காயவைத்துவிட்டுக் குரங்கோடு மல்லுக்கு நிற்கிறார். இத்தனைக்கும் நடுவில் எனக்குத் தெளிவாகக் கேட்டது இரண்டே சொல்: “கம்பளம்”, “ஃபோம்”. மாடி அறையில் மூன்று சீசன் தங்கிய பிரெஞ்சு அம்மாள் ஊருக்குப் போகும்போது தன் கம்பளத்தை உங்களுக்கே விட்டுப் போய்விட்டார், அதை விரிக்கிறீர்கள், அடியில் போட மெத்தைக் கடையில் ஃபோம் சொல்லப் போகிறீர்கள். சரிதானே? கொஞ்சம் பொறுங்கள் மாமா. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நீளமாக எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள், பேசி அனுப்பினால் அத்தை “குட் மார்னிங்” ரோஜாப் பூக்களோடு சேர்த்து அழித்துவிடுவார். காகிதத்தில் எழுதினால் ரமணாசிரமம் தபால் ஆபீஸ், திருவண்ணாமலை 606 603 என்று விலாசம் எழுதி அனுப்பலாம். தபால்காரர் கையில் கொடுத்தால் தெருவே கேட்கும்படி நீங்கள் உரக்கப் படிப்பீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. தபால்தலைக்கு வழி செய்த ரோலண்ட் ஹில் 1795-ல் பிறந்தது இந்த ஊரில்தான். டவுன் ஹால் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1840-ல் ஒரு பென்னி கொடுத்தால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்று ஆக்கியவர். இன்றைக்கு இங்கிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் போட ஆகிற காசில் நம் தெருமுனை ஓட்டலில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். அதனால் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

கம்பளத்தைப் பற்றிக் கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இந்த ஊரே கம்பளத்தால் பிழைத்த ஊர். ஆரம்பத்தில் இங்கே நெய்ததெல்லாம் மேலே மயிர் நிற்காத, தட்டையான விரிப்பு. நம் ஜமக்காள வகை. 1749-ல் ஜான் புரூம் என்பவர் பிரஸ்ஸல்ஸ் தறியை இங்கே கொண்டுவந்த பிறகுதான் குச்சம் நிற்கிற கம்பளம் நெய்யத் தொடங்கினார்கள். பிரிண்டன்ஸ் என்கிற கம்பெனி 1783-ல் ஆரம்பித்தது, இன்னமும் இருக்கிறது. ஆக்ஸ்மின்ஸ்டர் கம்பளம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டெவன் பக்கத்து ஆக்ஸ்மின்ஸ்டர் ஊரில் தாமஸ் விட்டி என்பவர் 1755-ல் தொடங்கியது அது. பிற்பாடு அந்தப் பெயரில் மூட்டை மூட்டையாக நெய்து தள்ளியவை எங்கள் ஊர்த் தறிகள். பழைய ஆலைகள் இருந்த இடத்தில் இப்போது கடைவீதி. அதற்கு வீவர்ஸ் வார்ஃப் என்று பெயர். நெசவாளர் போய்விட்டார், பெயர்ப் பலகை நிற்கிறது. ஒரு பழைய ஆலையில் கம்பள அருங்காட்சியகம் வைத்து, தறியை ஓட்டியும் காட்டுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். பெரியவன் தறிச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டான். சின்னவள் தறிக்குப் பக்கத்திலேயே தூங்கிவிட்டாள்.

இந்த நாட்டுக்காரர்களுக்குக் கம்பளத்தின் மேல் இருக்கிற மோகத்தை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். கூடத்தில் கம்பளம், படுக்கையறையில் கம்பளம், மாடிப் படியில் கம்பளம். எழுபது, எண்பதுகளில் கட்டிய சில வீடுகளில் குளியலறையிலும் கம்பளம். கக்கூஸிலும்தான் மாமா. நாங்கள் வீடு பார்க்கப் போன இடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை அங்கேயே திரும்பிவிட்டார். வீட்டைக் காட்டிய பெண் “கால் சில்லிடாது பாருங்கள்” என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். வெதர்ஸ்பூன் என்று ஊர் ஊருக்கு மதுக்கடை உண்டு. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி டிசைன் கம்பளம் நெய்து போடுகிறார்கள். அதை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துப் புத்தகம் போட்டவரும் இருக்கிறார். நாம் கோபுரம் பார்க்கப் போகிறோம், இவர்கள் குனிந்து பார்க்கிறார்கள்.

நம் பிழைப்பு இதில் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். வாசலில் கோலம் போட இடமில்லை. கதவைத் திறந்தால் கம்பளம், தாண்டினால் நடைபாதை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்கிற திருப்தி இந்த நாட்டில் கிடையாது. சனிக்கிழமை காலையில் தெரு முழுக்க வாக்குவம் கிளீனர் சத்தம்தான் சுப்ரபாதம். அரிவாள்மணையைத் தரையில் போட்டு உட்கார்ந்தால் வழுக்குகிறது. குத்துவிளக்கு ஏற்றும்போதெல்லாம் ஒருவர் கையில் துணியோடு எண்ணெய்ச் சொட்டுக்குக் காவல் நிற்கிறார். சாம்பார் சிந்தினால் கதை முடிந்தது. மஞ்சளும் கம்பளியும் சேர்ந்துவிட்டால் எந்த சோப்பாலும் பிரிக்க முடியாது. கம்பளி சாயத்தை நன்றாகப் பிடிக்கிற இழை, அதனால்தானே அதில் கம்பளமே நெய்கிறார்கள். எங்கள் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை காரணமில்லாமல் நிற்கும். நீங்கள் வந்தால் அதை நகர்த்தாதீர்கள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது நூறு வருஷத்துக்கு மேலான ஒரு வரிசை வீடு. சுவருக்குச் சுவர் நெய்த கம்பளம், நல்ல ஆக்ஸ்மின்ஸ்டர் ரகம், எண்பது பங்கு கம்பளி, இருபது பங்கு நைலான். வீட்டை விற்றவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். சொல்லாமல் விட்டது, அது முழுக்க அலை அலையாகக் கிடந்தது. கதவைத் திறந்தால் கதவு ஓர் அலையைத் தள்ளிக்கொண்டு போய் சோபாவுக்கு அடியில் விடும். மாப்பிள்ளை மிதித்து மிதித்துப் பார்த்தார்; ஓர் அலை அடங்கினால் அடுத்த அறையில் ஒன்று எழும்பியது.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். வயசுக் காலம் முழுக்கக் கம்பள ஆலையில் தறி ஓட்டியவர். அந்த நாளில் ஆலைகள் சாயத் தண்ணீரை விட்டதில் ஸ்டவர் நதி ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் பச்சையாகவும் ஓடும் என்று சொல்வார். புது வீட்டுக்காரர்களைப் பார்க்க கேக்கோடு வந்தவர், கேக்கை என் கையில் கொடுக்கும் முன்னாலேயே குதிகாலைத் தரையில் அழுத்தினார். முகம் சுருங்கிவிட்டது. “ஃபோம்” என்றார். அப்புறம்தான் “நல்வரவு” என்றார்.

மறுநாள் இடுக்கியோடு வந்து ஒரு மூலையைப் பிரித்துக் காட்டினார். சுவரோரம் மெல்லிய கட்டை அடித்து, அதில் சாய்வாக ஆணி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், கிரிப்பர் என்கிறார்கள். கம்பளத்தை முழங்காலால் உதைக்கிற ஒரு கருவியால் இழுத்து அந்த ஆணிகளில் மாட்டுவார்கள். கட்டையை ஒட்டினாற்போல் உள்ளே முழுக்க ஒரு விரிப்பு. அதுதான் அண்டர்லே. எங்கள் வீட்டில் இருந்தது கட்டை விரல் தடிமனுக்குப் பஞ்சுபோன்ற ஃபோம். அதற்கும் கீழே பழைய செய்தித்தாள்கள். பலகை இடுக்கில் குளிர்காற்று வராமலிருக்க அந்தக் காலத்தில் அப்படிப் பரப்புவார்களாம். நானும் மாப்பிள்ளையும் மண்டியிட்டு எலிசபெத் ராணியின் சின்ன வயசுப் படத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். தாத்தா நாங்கள் படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். கம்பளத்தில் இரண்டு ஜாதி. ஒன்று தறியில் நெய்தது. குச்சமும் அடித்துணியும் பாவும் ஊடுமாக ஒரே சமயத்தில் பின்னி வரும். இன்னொன்று டஃப்டட், தயாராக இருக்கிற துணியில் ஊசியால் நூலைக் குத்தி நிறுத்தி, பின்பக்கம் ரப்பர் பால் தடவி, இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் பக்கம் படுக்கை விரிப்பில் குச்சம் குத்துகிற கைத்தொழிலாக ஆரம்பித்து, மெஷினுக்குப் போய், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகத்தையே பிடித்துக்கொண்டது. தறி ஒரு முழம் நெய்வதற்குள் அந்த மெஷின் ஓர் அறைக்கானதைத் துப்பிவிடும். கிடர்மின்ஸ்டர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியதற்கு அதுவும் ஒரு காரணம். தாத்தா டஃப்டட் என்று உச்சரிக்கும்போது உங்கள் முகம் ஞாபகம் வந்தது, நீங்கள் இன்ஸ்டன்ட் காபி என்று சொல்லும்போது வருகிற அதே முகம்.

டஃப்டட் கம்பளம் ஒட்டு வேலையால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அடியில் மெத்தென்று இருந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நெய்தது அப்படியில்லை. கால் வைக்கிற இடத்தில் அடிப்பஞ்சு அமுங்கினால் கம்பளமும் அங்கே குழிந்து இழுபடும். காலை எடுத்தால் திரும்பும். அடுத்த அடியில் மறுபடியும் இழுபடும். தினம் நூறு தடவை இப்படி நடந்தால் பாவு நூல் தளர்ந்துவிடும், இரண்டு துண்டு சேர்கிற தையல் வாய் பிளக்கும், மிஞ்சிய நீளம் அலையாக எழும்பும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் படுத்த முதுகுக்கு ஆகிற கதிதான் அதற்கும். “நெய்த கம்பளத்துக்குச் சுகம் அதற்குள்ளேயே இருக்கிறது. அடியில் அது கேட்பது உறுதி” என்றார் தாத்தா. இழுத்துக் கட்டுவதிலும் கஷ்டம் உண்டு. நெய்தது சுலபத்தில் நீளாது. முழங்கால் உதை போதாமல், சுவருக்குச் சுவர் கழியை முட்டுக்கொடுத்து நெம்பி இழுக்க வேண்டும்.

இதை நான் கண்ணால் பார்த்ததுண்டு. பர்மிங்ஹாமில் ஒரு நண்பர் வீட்டில் பொங்கலுக்கு இலைச் சாப்பாடு போட்டார்கள். புது வீடு, இருப்பதிலேயே தடிமனான ஃபோம், அதன்மேல் கம்பளம், அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் தலைவாழை இலை. பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்தோம். ரசம் வருகிறவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. எனக்கு அடுத்து உட்கார்ந்தவர் நல்ல ஆகிருதி. அவர் இருந்த இடம் பள்ளமாகிவிட்டதால் என் இலையின் ரசம் அவர் இலைக்குப் போனது. அவர் மோர் வாங்க எட்டியபோது தரை நிமிர்ந்து, அவருடைய பாயசத்தில் கொஞ்சம் என்னிடம் வந்தது. வீட்டுக்காரர் “எப்படி, காலுக்கு மெத்துன்னு இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே அப்பளம் போட்டுக்கொண்டு போனார். பண்டமாற்று நடக்கிற வீட்டில் என்ன பதில் சொல்ல?

அலைகளுக்கு வழி பண்ண நானும் மாப்பிள்ளையும் கம்பளக் கடைக்குப் போனோம். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். தரையில் வரிசையாகச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரே கம்பளத் துண்டு, அடியில் வேறு வேறு அண்டர்லே. ஏறி நின்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 11 மில்லிமீட்டர் ஃபோம் மேல் உங்கள் மாப்பிள்ளை ஏறி நின்றவர் கண்ணை மூடிக்கொண்டார். இறங்கவே இல்லை. விற்கிற பையன் பயபக்தியோடு பக்கத்தில் நின்றான். நான் தாத்தாவுக்கு போன் போட்டேன். “ஒரு நிமிஷம் நிற்பதற்கு வாங்குகிறீர்களா, இருபது வருஷம் நடப்பதற்கு வாங்குகிறீர்களா?” என்று கேட்டார். போனை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். இறங்கிவிட்டார்.

வாங்கியது கிரம்ப் ரப்பர். பழைய டயரை அரைத்துத் தூளாக்கி ஒட்டிய விரிப்பு. பார்க்க அழகில்லை. பஞ்சர் கடை வாசனை. ஒரு சுருளைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் இலேசாக இடம் கொடுத்து உடனே நிமிர்கிறது. துணி ஒட்டிய பக்கம் மேலே வரும்படி விரித்து, அண்டர்லே மூட்டும் கம்பள மூட்டும் ஒரே கோட்டில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். இப்போது கூடத்தில் அலை இல்லை. பணம் இருந்தால் கம்பளி அல்லது சணல் ஃபெல்ட் இன்னும் உத்தமம் என்பது தாத்தாவின் கட்சி. அவர் காலத்தில் இந்த ஊரில் அதுதான் போடுவார்களாம். அந்தச் சணல் வங்காளத்தில் விளைந்து, ஸ்காட்லாந்தில் டண்டீ ஆலைகளில் நெய்து, கம்பளத்தின் அடித்துணியாகவும் இங்கே வந்தது. “உங்கள் ஊர்ச் சரக்கின் மேல்தான் நாங்கள் அறுபது வருஷம் நடந்தோம்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தியாவின் மேல் அவர்கள் நடந்த கணக்கை எடுத்தால் அறுபதோடு நிற்காது.

இனி உங்கள் மெத்தைக் கடைக்காரர் விஷயம். அவர் என்ன சொல்வார் என்று இங்கிருந்தே சொல்கிறேன்: “சார், 40 டென்சிட்டி, இதுக்கு மேல கிடையாது.” அந்த 40 என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்று அர்த்தம். படுத்துத் தூங்க அது ஏற்றதாக இருக்கலாம். கம்பளத்துக்கு அமெரிக்கக் கம்பளத் தொழில்காரர்களின் அமைப்பான கார்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கிற வரம்பு வேறு: வீட்டுக் கம்பளத்துக்கு அடியில் போடுவது 11 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கன அடிக்கு 6 பவுண்டுக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் அது 96 கிலோ. மெல்லிய கம்பளமென்றால் இன்னும் கண்டிப்பு: ஒன்பதரை மில்லிமீட்டருக்குள், 8 பவுண்டுக்கு மேல், அதாவது 128 கிலோ. தடிமன் குறையக் குறைய அடர்த்தி கூட வேண்டும், புரிகிறதா? கடைக்காரர் அடுத்து ரீபாண்டட் என்று பல நிறத் துணுக்குகளை அழுத்தி ஒட்டிய ஒரு ரகத்தைக் காட்டுவார். அமெரிக்க வீடுகளில் டஃப்டட் கம்பளத்துக்கு அடியில் பெரும்பாலும் அதுதான் கிடக்கிறது. உங்களிடம் இருப்பது டஃப்டட் அல்ல. நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

இங்கே இன்னொரு கணக்கும் பார்க்கிறார்கள், டாக் என்று. ஒரு துணி எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்கிற அளவு. ரஜாய் வாங்கினாலும் இந்த நம்பரைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற வீடுகளில் கம்பளமும் அண்டர்லேயும் சேர்ந்து 2.5 டாக்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சூடு மேலே வராமல் பூமாதேவிக்குப் போகும். இது உங்களுக்கு அநாவசியம். அக்னி நட்சத்திரத்தில் உங்கள் மாடித் தரை எந்தக் குழாயும் இல்லாமல் தோசைக்கல்லாகும் என்பது ஊருக்கே தெரியும். அண்ணாமலையார் கோயில் பிராகாரத்தில் தேங்காய் நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்துத்தானே சித்திரையில் நடக்கிறோம். ஆனால் ஒன்றை யோசியுங்கள்: அந்தச் சூட்டிலும், அடுத்து வருகிற ஐப்பசி ஈரத்திலும், சாதா ஃபோம் சில வருஷத்தில் மஞ்சளாகி, மாவாக உதிரும். அந்த மாவைப் பெருக்குவது அத்தை.

நீங்கள் ஏன் மெத்தென்று வேண்டும் என்கிறீர்கள் என்பதும் தெரியும். “தியானம் பண்ணுகிறவர்களுக்கு முட்டி வலிக்கிறது” என்று முன்பே சொல்லியிருக்கிறீர்கள். நம் தெருவில் தோளில் மெத்தையை மாட்டிக்கொண்டு ஆசிரமத்துக்குப் போகிறவர்களைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். பகவான் ரமணர் 1896-ல் ஊருக்கு வந்த புதிதில் கோயிலின் பாதாள லிங்கத்தில் எறும்பும் பூச்சியும் தொடையைக் கடித்தும் உணர்வில்லாமல் உட்கார்ந்திருந்தவர். அவரைத் தேடி வருகிறவர்களுக்கு அறையில் ஃபோம் கேட்கிறது என்று நீங்களேதான் ஒருதரம் கிண்டல் பண்ணினீர்கள். முட்டிக்குத்தான் மெத்தை வேண்டும், அறைக்கு வேண்டாம். ஆளுக்கொரு இலவம்பஞ்சுத் திண்டு தைத்துப் போடுங்கள். உட்காரும்போது எடுத்துக்கொள்வார்கள், எழுந்தால் மூலையில் வைப்பார்கள். கம்பளத்தை விட்டுவிடுங்கள்.

அது எப்படிப்பட்ட கம்பளம் என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியதால் பிழைத்தோம். தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முன்பக்கத்துப் பூ அதே நிறத்தில், அதே உருவில் பின்பக்கமும் தெரிகிறது. ஒவ்வொரு முடிச்சும் எண்ணலாம்போல் நிற்கிறது. ஓரத்துக் குஞ்சம் ஒட்டித் தைத்ததல்ல, பாவு நூலின் நுனியே. கையால் முடிச்சிட்டு நெய்தது. பின்பக்கம் ஒரு காடாத் துணி ஒட்டியிருந்தால், கையால் செய்தது என்று என்னதான் சத்தியம் பண்ணினாலும் அது டஃப்டட். இந்தச் சோதனையைக் காசு செலவில்லாமல் யார் வேண்டுமானாலும் பண்ணலாம். எதிர்வீட்டு அம்மாளிடமும் சொல்லுங்கள், போன வருஷம் அவரும் ஏதோ வாங்கினாரே. வேலைப்பாட்டைப் பார்த்தால் உத்தரப் பிரதேசத்து பதோஹி பக்கம் நெய்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். “உங்கள் நாட்டுக் கைவேலைக்கு முன்னால் எங்கள் தறி நிற்காது” என்றார் தாத்தா. வின்ட்சர் கோட்டையில் வாட்டர்லூ மண்டபத்தில் விரித்திருப்பது விக்டோரியா ராணிக்காக ஆக்ரா ஜெயில் கைதிகள் நெய்தது. 1992-ல் கோட்டை தீப்பிடித்தபோது அதைச் சுருட்டி வெளியே கொண்டுவர ஐம்பது சிப்பாய்கள் வேண்டியிருந்ததாம். உங்களுடையதை நீங்களும் பால்காரரும் தூக்கிவிடலாம்.

சரி, அடியில் என்ன போடுவது? கம்பளி ஃபெல்ட், இல்லாவிட்டால் சணல் ஃபெல்ட். ஊசியால் குத்தி அடர்த்தியாக அழுத்தியது, ஆறு மில்லிமீட்டர் அளவு போதும். உங்கள் மாடி டைல்ஸ் தரை. கம்பளம் வழுக்கினால் விழுவது வெளிநாட்டுக்காரர், ஓடுவது நீங்கள். அதனால் கீழ்ப்பக்கம் அசல் ரப்பர் பூசிய ஃபெல்ட் கிடைத்தால் நல்லது. வலை வலையாக விற்கிற மலிவு பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். சூட்டில் இளகித் தரையில் கறை வைக்கும். ஃபெல்ட்டைக் கம்பளத்தைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். விளிம்பு தரையோடு படியும், யாரும் தடுக்க மாட்டார்கள். திருவண்ணாமலையில் கிடைக்காவிட்டால் சென்னைக்குப் போகிற யாரிடமாவது சொல்லி வாங்கலாம். அவசரமே இல்லை.

அத்தை கட்டாயம் கேட்பார்: “நம்ம வந்தவாசிப் பாயை விரிச்சா ஆகாதா?” ஆகாது அத்தை. கோரை டைல்ஸ் மேல் சறுக்கும், அதன் வரி வரியான மேடு மேலே முடிச்சுகளை உராயும். வந்தவாசிப் பாய் தனியாக விரித்துப் படுப்பதற்கு. அதன் மேல் ஒன்றைப் போட்டு மூடுவது அதற்கு அவமானம். ஃபெல்ட் வருகிறவரைக்கும் பரணில் இருக்கிற பழைய பவானி ஜமக்காளத்தை, அதுதான் என் கல்யாணத்துக்கு வாங்கியது, மடிக்காமல் ஒற்றையாக விரித்து அதன் மேல் போடலாம். பருத்தி, கெட்டி நெசவு, அமுங்காது. மடித்தால் மட்டும் மடிப்புக் கோடு கம்பளத்தில் விழும். மாசம் ஒருமுறை இரண்டையும் தூக்கிப் பின்பக்கம் காற்றாட விடுங்கள். கம்பளியில் பூச்சி வைக்கும், சணலில் கரையான் ஏறும். கட்டில் காலுக்குக் கீழே கம்பளம் வராமல் பாருங்கள்.

இன்னொன்று. கார்த்திகை தீபம் முடிகிறவரைக்கும் விரிக்கவே விரிக்காதீர்கள். அந்தப் பத்து நாளும் உங்கள் மாடியில் எத்தனை பேர் படுப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியாது. மழைச் சேற்றில் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு வருகிற பாதங்களை வாசலில் நிறுத்திக் கழுவச் சொல்ல உங்களுக்கும் மனசு வராது, அத்தைக்கும் வாய் வராது. கம்பளம் சுருட்டியபடியே இருக்கட்டும். சுருட்டும்போது குச்சம் படிந்திருக்கிற திசையிலேயே சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் வேண்டாம். மார்கழியில் வருகிற கூட்டம் கொஞ்சம் நிதானமான கூட்டம். அப்போது விரித்தால் போதும்.

பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்குக் கண்டிப்பாக வருகிறார்கள். பெரியவன் மயில் இறகு கேட்டிருக்கிறான், சின்னவள் குரங்கையே கேட்டிருக்கிறாள். தாத்தா உங்கள் கம்பளத்தின் முன்பக்கத்தை இன்னொருமுறை பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மறக்காதீர்கள்.

மெத்தைக் கடையில் ஃபோமுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தீர்களானால், இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் அந்தக் காசுக்குத் திண்டு தைத்துத் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்.